தோல் முட்டையும் தொங்கிய வாலும்

வாசகி கேட்டது:

"டொக்டர் ஐயாவுக்கு வணக்கம். நாங்கள் மட்டக்களப்பு படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்கு அங்கால் இருக்கிறோம். மாசி மாதம் ஒரு மாதக் குஞ்சுகளாகப் பன்னிரண்டு ஷேவர் பிறவுண் இனப் பேடு வாங்கி வளர்த்தேன். மூன்று கிழமைக்கு முன்னர் முட்டையிடத் தொடங்கின. நாளுக்கு ஆறு, ஏழு கிடைக்கிறது. அதில் ஒன்றிரண்டு கோதே இல்லாமல் பலூன் மாதிரித் தோல் முட்டை. ஒரு நாள் புறா முட்டை அளவில் ஒன்று. உடைத்தால் மஞ்சட்கருவே இல்லை. ஒரு நாள் இரட்டைக் கரு. சிலவற்றில் இரத்தக் கோடு. போன கிழமை ஒரு கோழி வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூலையில் நின்றது. அடுத்த நாள் பின்னேரம் செத்துப்போச்சு. இப்போது இன்னொன்று காலையில் எழும்பப் பஞ்சிப்படுகிறது. தீனுக்குக் குறைவில்லை, பாதி கடையில் வாங்கும் லேயர் மாஷ் தீன், பாதி மில் தவிடும் புண்ணாக்கும். மிஞ்சிய சோறும் போடுவேன். கடையில் ஒரு தூள் தந்தார்கள், மூன்று நாள் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தேன். அது அன்டிபயோட்டிக் என்று பிறகுதான் தெரிந்தது. மாமி நாவூறு என்கிறா. இவர் எல்லாவற்றையும் விற்றுவிடுவோம் என்கிறார். இது தொற்று நோயா? இந்த முட்டைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?"

தங்கச்சி,

முதலில் எழும்பப் பஞ்சிப்படுகிற அந்தக் கோழியைத் தூக்குங்கள். மற்ற வேலை எல்லாம் பிறகு. அதைத் தனியாக, நிழலான இடத்தில், வைக்கோல் பரப்பிய ஒரு பெட்டியில் வையுங்கள். தண்ணீரும் தீனும் அலகுக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நடந்து போய்த் தின்னட்டும் என்று விட்டால் மற்றவை மிதித்துவிடும், அல்லது தாகத்தில் போய்விடும். தவிடு வேண்டாம், லேயர் மாஷ் மட்டும் வையுங்கள். பக்கத்தில் ஒரு சிரட்டையில் உடைத்த சிப்பி வையுங்கள். (சிப்பியை எப்படி உடைப்பது என்று கீழே சொல்கிறேன். இன்றைக்குக் கையில் இல்லையென்றால் வீட்டில் இருக்கிற முட்டைக் கோதைச் சட்டியில் வறுத்து நொறுக்கிக் கொடுங்கள்.) கால்களையும் பாருங்கள். ஒரு கால் முன்னுக்கும் மற்றது பின்னுக்குமாக நீட்டிக்கொண்டு கிடந்தால் அது மாரெக் என்ற வேறொரு வைரஸ் நோயாக இருக்கலாம். அப்படி இல்லாமல் இரண்டு காலும் ஒரே மாதிரிச் சோர்ந்து, கண் தெளிவாக, தீனைக் கண்டதும் கழுத்தை நீட்டுகிறதென்றால் நல்ல அறிகுறி. நேரத்தோடு கவனித்தால் இப்படிப்பட்ட கோழிகள் பல எழும்பிவிடும். இரண்டு நாளில் தேறாவிட்டால் உங்கள் பிரதேச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். நீங்கள் தோல் முட்டையை ஒரு பிரச்சினையாகவும், செத்த கோழியை இன்னொன்றாகவும், இந்தக் கால் சோர்வை மூன்றாவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இந்த மூன்றும் ஒரே கதையாகத்தான் தெரிகிறது. உங்கள் கோழிகள் வயிறு நிறையத் தின்கின்றன. ஆனால் கோது கட்டுவதற்கு வேண்டிய சாமான் அந்தத் தீனுக்குள் இல்லை.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு முட்டைக் கோதில் ஏறக்குறைய 2 கிராம் கல்சியம் இருக்கிறது. கோழி தின்கிற கல்சியத்தில் கிட்டத்தட்டப் பாதிதான் உடம்பில் சேரும். ஆகவே ஒரு முட்டைக்கு 4 கிராம் அளவு தின்ன வேண்டும். முட்டையிடும் கோழி நாளுக்கு 110 கிராம் அளவு தின்னும். லேயர் மாஷில் 100 கிராமுக்கு 3.5 முதல் 4 கிராம் வரை கல்சியம் சேர்த்திருப்பார்கள். முழுவதும் மாஷ் தின்றால் கணக்கு நேராகிவிடுகிறது. நீங்கள் பாதி மாஷ், பாதி தவிடும் புண்ணாக்கும் கொடுக்கிறீர்கள். மாஷில் இருந்து 2 கிராம் வரும். தவிட்டில் இருந்து வருவது கணக்கில் எடுக்க முடியாத சொற்பம். உடம்பில் சேர்வது 1 கிராம். மிச்சம் 1 கிராமுக்குக் கோழி எங்கே போகும்? தன் எலும்பைக் கரைத்துத்தான் கொடுக்கும். ஒரு கோழியின் முழு எலும்புக்கூட்டிலும் இருக்கிற கல்சியமே ஏறக்குறைய 20 கிராம்தான். மூன்று கிழமையாக ஒவ்வொரு முட்டைக்கும் அதில் கை வைத்தால் என்ன மிஞ்சும் என்று யோசியுங்கள்.

எலும்பு இளகினால் காலில் பலம் போகிறது; காலையில் எழும்ப முடியவில்லை. கோதுக்குப் போதாமல் போனால் தோலோடு முட்டை விழுகிறது. முட்டையை வெளியே தள்ளுகிற தசை சுருங்குவதற்கும் கல்சியம்தான் வேண்டும். அது குறைந்தால் தசை சோர்ந்து, முட்டை வழியிலேயே நின்றுவிடுகிறது. வாலைத் தொங்கப் போட்டு மூலையில் நின்ற அந்தக் கோழிக்கு நடந்தது இதுதான் என்று நீங்கள் எழுதிய அடையாளங்கள் சொல்கின்றன. கோதில்லாத முட்டை மெத்தென்று இருப்பதால் லேசாக வந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். உண்மையில் அதுதான் அதிகம் சிக்கும். தசை பிடித்துத் தள்ளுவதற்கு அதில் உறுதி இல்லை.

தவிட்டைப் பற்றி ஒரு வார்த்தை. படுவான்கரையிலும் அம்பாறைப் பக்கத்திலும் தவிடுதான் கோழிக்கு முதல் தீன். மில் பக்கத்தில் இருக்கிறது, விலை குறைவு, கோழியும் ஆசையாகத் தின்னும். எங்கள் ஊர்க்கோழிக்கு இது ஓரளவு போதும். அது வருடத்தில் சில தடவை பத்துப் பதினைந்து முட்டையிட்டு, அடை கிடந்து, குஞ்சோடு திரிந்து, இடையில் உடம்பைத் தேற்றிக்கொள்ளும். வளவெல்லாம் கிளறிப் பூச்சி, நத்தை, மட்டி என்று தேடித் தின்னும். நீங்கள் வாங்கியது அந்த இனமில்லை. ஷேவர் பிறவுண் ஏறக்குறைய நாளுக்கொன்று வைப்பதற்கென்றே உருவாக்கிய கோழி. உடம்பில் ஒன்றும் இல்லாவிட்டாலும் அது முட்டையை நிறுத்தத் தெரியாமல் வைத்துக்கொண்டே இருக்கும். அதற்கு ஊர்க்கோழித் தீன் போட்டால் பாவம், தன்னையே கரைத்துக்கொள்ளும். அதோடு தவிட்டில் பொசுபரசு மிக அதிகம், அதுவும் கல்சியத்தைப் பிடித்துவைக்கிற வடிவத்தில். தவிடு கூடக் கூட, மாஷில் இருக்கிற கல்சியமும் முழுமையாகச் சேராமல் போகும். புண்ணாக்கில் புரதத்தோடு கொழுப்பும் இருக்கிறது, சோற்றில் மாவுதான். அளவுக்கு மிஞ்சினால் அவை வயிற்றுக்குள் கொழுப்பைக் கட்டி முட்டை வரும் வழியை இன்னும் நெருக்கும்.

மாஷ் விலை எனக்கும் தெரியும். அதனால் "முழுக்க மாஷ் போடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. கோழிக்கு 80 கிராமுக்குக் குறையாமல் மாஷ் கொடுங்கள். பதினொரு கோழிக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். காலையில் அதை முதலில் தின்னட்டும். தவிடும் சோறும் பின்னேரம் மட்டும், கோழிக்கு ஒரு சின்னக் கைப்பிடி. முருங்கையிலை நறுக்கிப் போடுங்கள், மஞ்சட்கரு நல்ல நிறமாகும்; கல்சியமும் கொஞ்சம் வரும், ஆனால் கோதுக்கு அது மட்டும் காணாது. அப்படியும் கட்டுப்படியாகவில்லையென்றால் என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: அரைகுறையாகத் தின்னும் பதினொரு கோழியைவிட நன்றாகத் தின்னும் எட்டுக் கோழி உங்களுக்கு அதிக நல்ல முட்டை தரும். இந்த வயதில் இந்த இனம் பத்துக்கு எட்டு, ஒன்பது வைக்க வேண்டும். உங்களுக்கு ஆறும் ஏழும்தான் வருகிறது.

சிப்பிக்கு நீங்கள் காசு கொடுக்கத் தேவையில்லை. வாவி பக்கத்தில் இருக்கிறது. மட்டி, சிப்பி ஓடுகளை ஒரு பை பொறுக்குங்கள். உப்புப் போக நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை கழுவி, ஓரிரவு ஊறவிட்டு, வெயிலில் காயவையுங்கள். பிறகு தணலில் லேசாகச் சூடு காட்டினால் உடைக்க இலகு. வெள்ளையாக நீறிப்போகும் வரை எரிக்க வேண்டாம். நீறினால் அது சுண்ணாம்பு. கோழியின் வாயையும் குடலையும் புண்ணாக்கும். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிற வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது, தயவுசெய்து செய்யாதீர்கள். காய்ந்த ஓட்டை உரலில் இடித்து அரிதட்டில் அரியுங்கள். கீழே விழுகிற மாவு முக்கியமில்லை. மேலே நிற்கிற துண்டுதான் வேண்டும். குறுணலைவிடக் கொஞ்சம் பெரிது, பயற்றைவிடச் சிறிது.

துண்டாக இருக்க வேண்டியதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணித்தியாலம் எடுக்கும். அதில் கோது கட்டுவதற்கு மட்டும் ஏறக்குறைய 20 மணித்தியாலம். காலை எட்டு மணிக்கு முட்டையிட்ட கோழிக்கு அரை மணித்தியாலத்துக்குள் அடுத்த மஞ்சட்கரு இறங்கிவிடும். வெள்ளைக்கருவும் தோலும் சுற்றிக்கொண்டு பகல் ஒன்றரை, இரண்டு மணிக்குக் கோது கட்டத் தொடங்கும். அது இரவு முழுக்க நடக்கும். ஆனால் இரவில் கோழி தின்னாது. மாவாகக் கொடுத்த கல்சியம் இருட்டுவதற்குள் குடலைக் கடந்து போய்விடும். துண்டாகக் கொடுத்தது இரைப்பையில் கிடந்து, மெல்ல மெல்லக் கரைந்து, விடியும்வரை கோதுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

அதனால் சிப்பியை மாஷோடு கலக்காமல் தனிச் சிரட்டையில், பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு வையுங்கள். வைத்துவிட்டுக் கொஞ்சம் ஒதுங்கி நின்று பாருங்கள். முட்டைக்கு ஆயத்தமாகிற கோழி வந்து, தலையைச் சரித்து ஒரு கண்ணால் சிரட்டைக்குள் பார்க்கும். ஒரு துண்டைக் கொத்தும், அலகில் உருட்டும், விழுங்கும். பிறகு அடுத்தது. ஆறேழு துண்டு எடுத்துவிட்டுப் போய்விடும். அன்றைக்கு முட்டை இல்லாத கோழி வந்து பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பும். எத்தனையோ வளவுகளில் பார்த்திருக்கிறேன், இன்னும் எனக்கு அலுக்கவில்லை. தனக்கு எவ்வளவு வேண்டும் என்பது கோழிக்குத் தெரியும். நாங்கள் செய்ய வேண்டியது அதைக் கண்ணுக்கு முன்னால் வைப்பதுதான். பதினொரு கோழிக்கு நாளுக்கு ஒரு கைப்பிடி, 60 கிராம் அளவு முடியும்.

இனி, மறுபடியும் ஒரு கோழி வாலைத் தொங்கப் போட்டு நின்றால் என்ன செய்வது? இதை மட்டும் மனதில் பதித்து வையுங்கள். முட்டை சிக்கிய கோழி காலை அகட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, வால் கீழே போக நிற்கும். அடிக்கடி முக்கும். கூட்டுக்குப் போகும், வரும், திரும்பப் போகும், முட்டை இருக்காது. தீனைக் கண்டாலும் அசையாது. முட்டையிடுகிற கோழிக்குத்தான் வருத்தம் தெரியும் என்பார்கள். அந்த நிலையில் நிற்கிற கோழியின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அது வெறும் பழமொழியாகத் தெரியாது.

ஒரு பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுங்கள். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூடு போதும், அதற்கு மேல் வேண்டாம். கோழியின் அடிவயிறும் பின்பக்கமும் மூழ்க அதை உட்கார வைத்து, இறக்கையைச் சேர்த்து இரண்டு கையாலும் மெதுவாகப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் துடிக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் சூட்டுக்கு உடம்பு இளகி, சில கோழி கண்ணையும் மூடும். பதினைந்து, இருபது நிமிடம் வைத்திருங்கள். தண்ணீர் ஆறினால் சூடு சேருங்கள். பிறகு துணியால் ஒற்றி, குதவாயில் சுற்றிவரத் தேங்காய் எண்ணெய் தடவி, இருட்டான, அமைதியான பெட்டியில் விடுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் விட வேண்டாம். பெரும்பாலும் ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் முட்டை வந்துவிடும். வராவிட்டால் இன்னொரு தடவை செய்யலாம். ஒரு பகலுக்குள் வராவிட்டால் வைத்தியரிடம் போக வேண்டும். கல்சியம் ஊசி போட்டால் தசை வேலை செய்யத் தொடங்கும். அடுத்த நாள் பார்ப்போம் என்று விட்டால் உங்கள் முதல் கோழியின் கதைதான்.

வயிற்றை அமுக்கக் கூடாது. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்தப் பிழையை நானே செய்திருக்கிறேன். வேலைக்கு வந்த புதிது. வாகரைப் பக்கமிருந்து ஒரு அம்மா சேலைத் தலைப்பில் கோழியைச் சுற்றி, இரண்டு பஸ் மாறிக் கொண்டுவந்தா. விரலால் தொட்டால் முட்டை வாசலிலேயே தெரிந்தது. கொஞ்சம் அமுக்கினால் வந்துவிடும் என்று நினைத்து அமுக்கினேன். உள்ளே நொறுங்குகிற சத்தம் என் விரலுக்குத்தான் கேட்டது. கோதுத் துண்டு முட்டை வரும் குழாயைக் கிழித்து, மஞ்சட்கரு வயிற்றுக்குள் பரவி, மூன்றாம் நாள் அந்தக் கோழி செத்தது. அந்த அம்மா என்னை ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கோழியின் வயிற்றையும் நான் அமுக்கியதில்லை. வெந்நீர்ப் பேசினும் பொறுமையும்தான்.

இன்னொன்று, முட்டையோடு குதவாயில் சிவப்பாகச் சதை வெளியே தள்ளி நின்றால் அந்தக் கோழியை அந்த நிமிடமே பிரித்துவிடுங்கள். மற்றவை சிவப்பைக் கண்டால் கொத்திக் குடலை இழுத்துவிடும். சுத்தமான தண்ணீரால் கழுவி, சீனியைக் குழைத்துப் பூசினால் வீக்கம் வற்றும். பிறகு எண்ணெய் தடவிய விரலால் மெதுவாக உள்ளே தள்ளலாம். திரும்பத் திரும்ப வந்தால் அது தேறுவது கஷ்டம்.

அடுத்தது வெக்கை. நீங்கள் எழுதியிருப்பது ஆடிக் கச்சான் காற்று அடிக்கிற நேரம். கூட்டுக்கு என்ன கூரை என்று எழுதவில்லை. தகரமாக இருந்தால் மத்தியானம் அதற்குக் கீழே நீங்கள் ஐந்து நிமிடம் குனிந்து இருந்து பாருங்கள். கோழிக்கு வியர்வை இல்லை. வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டை ஆற்றும். இளைக்க இளைக்க இரத்தத்தில் உள்ள கரியமில வாயு வெளியே போய்விடும். கோது என்பது கல்சியமும் அந்த வாயுவில் இருந்து வருகிற காபனேற்றும் சேர்ந்ததுதான். ஆகவே நல்ல தீன் தின்கிற கோழியும் கச்சான் காலத்தில் மெல்லிய கோது வைக்கும். தகரத்துக்கு மேல் கிடுகு போடுங்கள், அல்லது கூட்டை மாமர நிழலுக்கு மாற்றுங்கள். தண்ணீர் நாள் முழுக்க இருக்க வேண்டும். பதினொன்றுக்கும் மூன்று லீற்றர் சாதாரண நாளில் போகும், வெக்கைக்கு அதற்கு மேல். பிளாஸ்டிக் பாத்திரத்தில் வெயிலில் வைத்த தண்ணீர் பத்து மணிக்கே சுட்டுவிடும், சூடான தண்ணீரைக் கோழி குடிக்காது. மண்சட்டியில், நிழலில், மத்தியானம் ஒரு தடவை மாற்றி வையுங்கள். அரை நாள் தண்ணீர் இல்லாமல் போனால் முட்டை குறைந்து, திரும்பப் பழைய நிலைக்கு வரப் பல நாள் எடுக்கும்.

இனி நீங்கள் பயந்த மற்ற முட்டைகள். மஞ்சட்கரு இல்லாத குட்டி முட்டை, இரட்டைக் கரு, கோதில் இரத்தக் கோடு: இவை எல்லாம் முதன்முதலாக முட்டையிடுகிற பேட்டுக்கு வழமைதான். கருவை விடுகிற நேரமும் கோது கட்டுகிற நேரமும் இன்னும் ஒத்துவரவில்லை. ஒரே நேரத்தில் இரண்டு கரு இறங்கினால் இரட்டை. கரு இறங்காமல் வெள்ளைக்கரு மட்டும் சுற்றிக்கொண்டால் குட்டி. இரத்தக் கோடு வழி புதிதாக விரிவதால் வருவது. முதல் ஐந்தாறு கிழமைக்குள் இவை தானாகக் குறைந்துவிடும். தோல் முட்டையும் முதல் சில நாள் ஒன்றிரண்டு வரலாம்தான். மூன்று கிழமையாக நாளுக்கு ஒன்றிரண்டு வருவதால்தான் தீனில் பிழை என்று சொல்கிறேன்.

பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். இரட்டைக் கருவும், குட்டியும், வெளியே இரத்தக் கோடு உள்ளதும் நல்ல முட்டைகளே. தோல் முட்டையை விற்கவோ வைத்திருக்கவோ வேண்டாம். கோதில்லாததால் கிருமி லேசாக உள்ளே போகும். தோல் கிழியாமல், அப்போதுதான் வைத்ததாக இருந்தால் அன்றைக்கே நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். பிள்ளைகளுக்கு நான் கொடுக்க மாட்டேன். நிலத்தில் கிடந்து உடைந்ததை உடனே அகற்றுங்கள். ஒரு தடவை ருசி கண்ட கோழி முட்டை குடிக்கப் பழகிவிடும், அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரிய பாடு.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தத் தூள் இருக்கிறது. அன்டிபயோட்டிக் தின்ற கோழியின் முட்டையிலும் மருந்து வரும். பொதியில் விலகல் காலம், அதாவது மருந்து நிறுத்திய பின் முட்டையைச் சாப்பிடாமல் விட வேண்டிய காலம், எத்தனை நாள் என்று போட்டிருக்கிறது என்று பாருங்கள். பொதி இல்லாமல் கடதாசியில் சுற்றித் தந்திருந்தால், கடையில் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு கால்நடை வைத்திய அலுவலகத்தில் காட்டுங்கள். அவர்கள் நாள் சொல்லும்வரை இந்த முட்டைகளைச் சாப்பிடவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். உங்கள் கோழிகளுக்கு அந்த மருந்து தேவைப்பட்டிருக்கவில்லை. உங்களில் எனக்குக் கோபமில்லை, பதற்றத்தில் கையில் கிடைத்ததைக் கொடுத்திருக்கிறீர்கள். கோழியைப் பார்க்காமல், ஒரு கேள்வி கேட்காமல் தூக்கித் தந்தது பிழை. தேவையில்லாமல் கொடுத்துக்கொண்டே போனால், நாளைக்கு உண்மையாகவே கிருமி வரும்போது மருந்து கேட்காது. கோழிக்கும்தான், எங்கள் பிள்ளைகளுக்கும்தான்.

தொற்று நோயா என்ற கேள்விக்கு: நீங்கள் எழுதியதில் அப்படி ஒன்றும் இல்லை. தொற்று வந்தால் ஒன்றிரண்டோடு நிற்காது. எல்லாக் கோழியும் சேர்ந்து முட்டையைக் குறைக்கும். இருமல், தொண்டையில் கரகரப்பு, பச்சைக் கழிச்சல், கழுத்துத் திருகல் என்று வரும். பச்சைக் கழிச்சலும் கழுத்துத் திருகலும் கண்டால் இராணிக்கெற் என்ற வைரஸ் நோயை நினைக்க வேண்டும். கோது சுருங்கி வரிவரியாகி, உடைத்தால் வெள்ளைக்கரு தண்ணீராக ஓடினால் அது தொற்று மூச்சுக்குழல் அழற்சியாக இருக்கலாம். குஞ்சு வயதில் வந்துபோனதும் முட்டை வழியைக் கெடுத்து வைத்திருக்கும். பல கோழி திடீரென்று செத்தால் தொடாமல், அறுக்காமல் உடனே அலுவலகத்துக்கு அறிவியுங்கள். இராணிக்கெற் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டது என்பதையும் அங்கே கேட்டுச் சரிபாருங்கள். ஒரு தடவை போட்டால் காலத்துக்கும் காணாது. பூச்சி மருந்து எப்போது, எது என்பதையும் அதே பயணத்தில் கேட்டுவிடலாம்.

ஓர் இரவு ரோச் லைற்றோடு போய்ப் படுக்கும் தடியின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். சிவப்பாக, குண்டூசித் தலை அளவில் செள்ளு ஊர்ந்தால் அதுவும் கோழியின் இரத்தத்தைக் குடித்து முட்டையைக் குறைக்கும். அப்புறம், ஆறு ஏழு என்று நீங்கள் எண்ணுவது கூட்டில் கிடைப்பது மட்டுமா? வளவில் திறந்து விடுகிறீர்களென்றால் வைக்கோல் போருக்குள்ளும் விறகுக்குப் பின்னாலும் ஒரு தடவை தேடுங்கள். முட்டைப் பெட்டி இருட்டாக, தாழ்வாக, நாலைந்து கோழிக்கு ஒன்றாக இருந்தால் வெளியே போகாது. வெளியே வைத்த முட்டையைக் கீரியும் சாரைப் பாம்பும் உங்களுக்கு முன்னால் கண்டுபிடித்துவிடும்.

மாமி சொல்கிற நாவூற்றில் நான் தலையிடவில்லை. மிளகாய் சுற்றிப் போடுவது அவவுக்கு ஆறுதலென்றால் போடட்டும். அன்று பின்னேரமே சிப்பிச் சிரட்டையும் வைக்கட்டும். இவரிடம் விற்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். இப்போது விற்றால் இறைச்சி விலைதான் கிடைக்கும், அதுவும் மருந்து கொடுத்த கோழியை இந்த நிலையில் விற்பது சரியில்லை. இந்தக் கோழிகளுக்கு முன்னால் இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் நல்ல முட்டைக் காலம் இருக்கிறது.

தீனை மாற்றிச் சிப்பி வைத்தால் ஒரு கிழமை, பத்து நாளில் தோல் முட்டை குறைவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒரு கொப்பியில் ஒவ்வொரு நாளும் எத்தனை முட்டை, அதில் எத்தனை தோல் முட்டை என்று குறித்து வாருங்கள். முடிந்தால் தோல் முட்டை வைக்கிற கோழியின் காலில் நிற நூல் கட்டிவிடுங்கள். எல்லாம் ஒரே கோழிதானா என்று தெரிந்துவிடும். இரண்டு கிழமை கழித்து அந்தக் கணக்கையும் கூரை தகரமா கிடுகா என்பதையும் எழுதுங்கள். பெட்டியில் கிடக்கிற கோழி எழும்பியதா என்பதை மட்டும் அதுவரை வைத்திருக்காமல் முதலே எழுதிவிடுங்கள்.